சாவிக்கொத்தில் தொங்கிய டார்ச்

என் மாமியாருக்கு இருட்டு ஆகாது. பயம் என்று யாராவது சொன்னால் கோபம் வந்துவிடும். "பயமெல்லாம் ஒண்ணுமில்ல. மூச்சு முட்டுது, அவ்வளவுதான்" என்பார். கரண்ட் போன அடுத்த நொடி அவர் கை பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று துழாவும். வெளிச்சம் வரும்வரை வாயால் மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருப்பார். சிறுமியாக இருந்தபோது நெல் குதிருக்குள் இறங்கியிருக்கிறார். யாரோ கவனிக்காமல் மேலே மூடியைப் போட்டுவிட்டார்கள். எவ்வளவு நேரம் உள்ளே கிடந்தார் என்று அவருக்கே தெரியாது. இதை என் கணவர்தான் எனக்குச் சொன்னார். மாமியார் ஒரு நாளும் சொன்னதில்லை.

தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில் நாங்கள் கட்டிய வீட்டில் முதலில் வாங்கிப் போட்டது இன்வெர்ட்டர்தான். கட்டிலும் பீரோவும் பிறகு வந்தன. வீட்டுக்குள் பிரச்சினை இல்லை. வெளியே போனால்தான் தொல்லை. கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி, சொந்தக்காரர் வீடு என்று எங்கே போனாலும் காற்றுக் காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அதற்காகத்தான் என் தம்பி அந்தச் சின்ன டார்ச்சைக் கொண்டுவந்து கொடுத்தான்.

தம்பிக்குத் தென்காசியில் சிசிடிவி கேமரா மாட்டிக்கொடுக்கும் வேலை. அவனுக்கு டார்ச் பைத்தியம் உண்டு. பெரிய டார்ச் எல்லாம் அவனுக்கு வேண்டாம். கட்டைவிரல் நீளம், சாவிக்கொத்தில் தொங்க வேண்டும், அதில் ஊரையே காட்டும் வெளிச்சம் வர வேண்டும். அவன் கொண்டுவந்தது அலுமினியத்தில் செய்தது. தலைப்பகுதியை வலப்பக்கம் திருகினால் எரியும், இடப்பக்கம் திருகினால் அணையும். உள்ளே டிவி ரிமோட்டுக்குப் போடுகிற ஒல்லி பேட்டரி ஒன்று.

மாமியார் அதை வாங்கி ஒரு முறை எரியவிட்டுப் பார்த்தார். "என்னலே இது, மின்மினிப் பூச்சி மாதிரி மினுக்குது. இத வச்சு என் கால் விரலக்கூடப் பாக்க முடியாதே" என்றார்.

தம்பிக்கு அது குத்திவிட்டது. பத்துப் பதினைந்து நாள் கழித்து அதே டார்ச்சோடு வந்தான். ஹாலில் விளக்கை அணைக்கச் சொன்னான். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவன் திருகியதும் சுவரில் மாட்டியிருந்த காலண்டரின் சின்ன எழுத்துகூடத் தெரிந்தது. மாமியார் முகம் மலர்ந்து நான் அதற்கு முன் பார்த்தது குறைவு.

"எப்படிலே?" என்று கேட்டேன்.

"செல்ல மாத்திட்டேன்க்கா. அதே சைஸ்தான், ஆனா இது லித்தியம், சார்ஜ் ஏத்திக்கலாம். பழசு ஒன்றரை வோல்ட். இது முழுசா சார்ஜ் ஆனா நாலு வோல்ட்டுக்கு மேல போகும்."

"ஒன்றரைக்குச் செஞ்சதுல நாலப் போடலாமா?"

அவன் கொஞ்சம் இழுத்தான். "போடலாம். சில டார்ச் தாங்கும், சிலது உடனே புகைஞ்சிரும். இது தாங்குது. ஆனா ஒரு நிமிஷத்துக்கு மேல தொடர்ந்து எரிய விடக்கூடாது, சூடாயிரும். இத்துனூண்டு உடம்புல சூடு போக இடம் ஏது? அளவுக்கு மேல கரண்ட் இழுத்தா நிறுத்துறதுக்கு அந்தச் செல்லுக்குள்ள ஒண்ணும் கிடையாது. நாமதான் பாத்துக்கிடணும். கை பொறுக்கலன்னா அணைச்சிரு. நெயில் பாலிஷ் அழிப்போம்ல, அந்த மாதிரி ஒரு வாடை அடிச்சா, கையில வச்சிருக்காத. தூரப் போட்டுரு."

"இதையாலே அத்தை கையில கொடுக்கச் சொல்லுத?"

"அதான் உன்ட்ட சொல்லுதேன்."

எனக்கு அது பிடிக்கவில்லை. பழைய செல்லையே போடு என்றேன். மாமியார் விடவில்லை. அந்த வெளிச்சத்தைப் பார்த்த பிறகு பழையதை அவர் தொடமாட்டார் என்று தெரிந்தது. கடைசியில் ஒரு ஏற்பாடு ஆயிற்று. டார்ச் என் சாவிக்கொத்தில் இருக்கும், நான்தான் எரிப்பேன், நான்தான் அணைப்பேன். சார்ஜ் போடுவது தம்பியின் வேலை. எங்கள் வீட்டில் அதை ஏற்றக்கூடாது என்றும் சொல்லிவிட்டேன்.

அந்த வருடம் குற்றாலத்தில் சீசன் நன்றாக இருந்தது. கோயம்புத்தூரில் இருக்கும் என் நாத்தனார் குடும்பத்தோடு வந்து, பேரருவிக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு லாட்ஜில் ரூம் எடுத்திருந்தாள். நாங்கள் உள்ளூர்க்காரர்கள், ஆனாலும் ஒரு நாள் முழுக்க அவர்களோடு இருந்து குளித்துச் சாப்பிட்டு வரலாம் என்று போனோம். தம்பியும் வந்தான். காலையிலிருந்தே சாரல். மலை முழுவதும் மேகத்துக்குள் இருந்தது.

பதினொரு மணி வாக்கில் ஆண்களும் பிள்ளைகளும் அருவிக்குக் கிளம்பிவிட்டார்கள். நாத்தனாரும் போய்விட்டாள். மாமியாருக்கு உச்சி முதல் பாதம்வரை நல்லெண்ணெய் தேய்க்காமல் அருவியில் நிற்க மனம் வராது. நான்தான் தேய்த்துவிட்டேன். எனக்கும் தேய்த்துக்கொண்டேன். கை முழுக்க எண்ணெய். இருந்த ஒரு துண்டில் துடைத்தால் துண்டும் எண்ணெயாகிவிட்டது. மாற்றுத்துணியை நாத்தனார் கூடையில் கொண்டுபோய்விட்டாள். அருவிக்கு யாரும் போன் கொண்டுபோவதில்லை. என் போனை ரூம் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். ரூம் சாவியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளைத் தகடு தொங்கியது. தொலைந்துவிடக்கூடாது என்று அதையும் என் சாவிக்கொத்திலேயே மாட்டிக்கொண்டேன்.

ரூம் மூன்றாவது மாடி. மாமியாருக்கு மூட்டுவலி. லிஃப்ட் என்றால் அவருக்கு ஆகாதுதான், ஆனால் படி அதைவிட ஆகாது. "நீ கூட வாரேல்லா, வா" என்றார்.

லிஃப்ட் கதவு திறந்தபோது உள்ளே ஒரு பெரியவர் நின்றார். அறுபத்தைந்து வயது இருக்கும். வேட்டி, தோளில் துண்டு, ஒரு கையில் மஞ்சப்பை, இன்னொரு கையில் தண்ணீர் நிறைந்த ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேன். மேல் மாடியில் ஒரு பெரிய ஹால் உண்டு. வேனில் கூட்டமாக வருகிறவர்கள் அங்கே பாய் விரித்துப் படுத்துக்கொள்வார்கள். அவர் அங்கிருந்து இறங்கி வருகிறார். எங்களுக்கு இடம் விட்டு ஓரமாக ஒதுங்கி நின்றார்.

கதவு மூடியது. இரண்டாவது மாடியைத் தாண்டியிருப்போம். ஒரு குலுக்கல். விளக்கு போயிற்று. தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த சின்ன ஃபேன் மெல்ல ஓய்ந்து நின்றது. லிஃப்ட் நகரவில்லை.

"ஏட்டி!" என்றார் மாமியார். அது கூப்பிடும் குரலே இல்லை. என் தோளில் அவர் நகம் பதிந்தது.

டார்ச்சைத் திருகினேன். அந்தச் சின்னப் பெட்டிக்குள் வெளிச்சத்தில் கண் கூசியது. எங்கள் மூவரின் முகமும் வெள்ளையாகத் தெரிந்தது. பெரியவர், "கரண்ட் போயிட்டும்மா. மோட்டார் போட்டுருவான், பயப்படாதிய" என்றார். அவர் சொன்னது போலவே கொஞ்ச நேரத்தில் கீழே ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது. லிஃப்டுக்கு மட்டும் கரண்ட் வரவில்லை. மணி அடிக்கும் பொத்தானை அழுத்தினேன். செத்துக் கிடந்தது. கதவைத் தட்டினேன். "யாராவது இருக்கியளா?" என்று கத்தினேன். ஜெனரேட்டர் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"உங்கட்ட போன் இருக்கா ஐயா?"

"மருமவன் கையில கெடக்கு. அவன் வேன்ல நிக்கான்."

அதற்குள் டார்ச் கையில் சுட ஆரம்பித்திருந்தது. வெந்நீர் டம்ளரைப் பிடிக்கிற சூடு. தம்பி சொன்ன ஒரு நிமிடம் ஆகியிருக்கும். "அத்தை, கொஞ்ச நேரம் அணைக்கேன். கண்ண மூடிக்கிடுங்க" என்று சொல்லித் திருகினேன்.

அந்த இருட்டில் மாமியார் எழுப்பிய சத்தத்தை நான் அதற்கு முன் எந்த மனிதரிடமும் கேட்டதில்லை. தண்ணீரில் மூழ்குகிறவர்கள் அப்படித்தான் மூச்சு இழுப்பார்களோ என்னவோ. என்னைப் பிடித்து உலுக்கினார். நான் உடனே மறுபடி எரித்தேன்.

"அணைக்காதட்டி. ஒன் காலப் பிடிக்கேன், அணைக்காத."

"சுடுதுத்தை. தம்பி சொன்னான்லா, நிறுத்தி நிறுத்தித்தான் எரிக்கணும்."

"சுட்டா சுட்டுட்டுப் போகுது!"

பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்வது போல, நான் எண்ணப் போகிறேன், இருபது எண்ணியதும் எரிப்பேன் என்று சொன்னேன். நான் தென்காசியில் ஒரு பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தக் குரல்தான் அப்போது எனக்குக் கைகொடுத்தது. அணைத்து, சத்தமாக எண்ணினேன். பன்னிரண்டிலேயே அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். எரித்தேன். பெரியவர் தன் பையை அவர் முதுகுக்குச் சாய்மானமாகக் கொடுத்தார். இப்படி இரண்டு மூன்று தடவை நடந்தது. ஒவ்வொரு தடவையும் டார்ச் ஆறுவதற்குள் எரித்தேன். ஒவ்வொரு தடவையும் அது முன்னைவிடச் சீக்கிரமாகச் சுட்டது.

கடைசித் தடவை எரித்தபோது அவசரத்தில் தலையை மிகவும் இறுக்கித் திருகிவிட்டேன் போலிருக்கிறது. அணைக்கப் பார்த்தேன். வரவில்லை. எண்ணெய்க் கையில் வழுக்கியது. துண்டால் சுற்றிப் பிடித்தேன். துண்டும் எண்ணெய், அதுவும் வழுக்கியது. அதற்கு மேல் பிடிக்க முடியாத சூடு. சாவி வளையத்தைப் பிடித்துத் தொங்கவிட்டேன்.

"என்னம்மா?" என்றார் பெரியவர்.

"அணைய மாட்டேங்குது ஐயா."

அவர் கேனைத் தரையில் வைத்துவிட்டுத் தன் காய்ந்த துண்டால் டார்ச்சைச் சுற்றி முறுக்கினார். லேசாகத் திரும்பியது. வெளிச்சம் ஒரு முறை நடுங்கியது, ஆனால் அணையவில்லை. இன்னொரு முறை முறுக்கியவர், "ஆத்தாடி" என்று கையை உதறினார். துண்டையும் தாண்டிச் சுட்டிருக்கிறது. வெளிச்சத்தின் நிறம் மாறியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். வெள்ளையில் நீலம் ஏறியிருந்தது. மாமியார் மட்டும் தரையில் உட்கார்ந்து அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எரிகிறவரை அவருக்கு நிம்மதி. எரிவதே ஆபத்து என்று எனக்குத் தெரியும், அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

அப்போது அந்த வாடை வந்தது. இனிப்பும் காரமும் கலந்து, நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தின் வாடை. கூடவே மெல்லிய 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். காதில்தான் கேட்கிறதா, பயத்தில் கேட்பது போல இருக்கிறதா என்று ஒரு கணம் சந்தேகம். பெரியவரும் தலையைச் சாய்த்துக் கேட்டார். அவருக்கும் கேட்டிருக்கிறது.

தூரப் போட்டுவிடு என்று தம்பி சொன்னான். எங்கே போடுவது? நாலடிக்கு நாலடி இரும்புப் பெட்டி. தரையில் ரப்பர் விரிப்பு. மூன்று பேர், அதில் இரண்டு பேர் தலை முதல் கால்வரை எண்ணெயில் ஊறி நிற்கிறோம். வெடிக்குமா, தீப்பிடிக்குமா, புகை மட்டும் வருமா என்று எனக்குத் தெரியாது. புகை மட்டும் வந்தாலும் அந்தப் பெட்டிக்குள் அதைச் சுவாசித்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருக்க முடியும்?

என் கண் கேனில் போய் நின்றது. பெரியவர் அதைப் பார்த்துவிட்டார். குனிந்து கேனைத் தன் காலோடு சேர்த்து இழுத்துக்கொண்டார்.

"ஐயா, அந்தத் தண்ணி..."

"இது அருவித் தண்ணிம்மா. வீட்டம்மாவுக்கு. அவளுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்து ரெண்டு வருசமாச்சு. தலையில ஊத்தணும்னு ஆசையாக் கேட்டா. அதுக்குத்தான் நான் வேன்ல வந்ததே."

சாவிக்கொத்து கையில் ஆடிக்கொண்டிருந்தது. 'ஸ்ஸ்' சத்தம் கொஞ்சம் பலமாயிற்று. பெரியவர் மாமியாரைப் பார்த்தார், டார்ச்சைப் பார்த்தார். பிறகு மூடியைத் திருகித் திறந்து கேனை என் பக்கம் தள்ளினார்.

"போடு தாயி. சீக்கிரம்."

டார்ச்சைக் கேன் வாய்க்குள் இறக்கினேன். சாவிகளும் பித்தளைத் தகடும் வாய்க்கு வெளியே தட்டி நின்றன. டார்ச் மட்டும் தண்ணீருக்குள் தொங்கியது. ஒரு சின்ன 'சுர்'. அவ்வளவுதான். அணைந்துவிடும் என்று நினைத்து மாமியாரின் கையைப் பற்றினேன்.

அணையவில்லை. தண்ணீருக்குள் எரிந்தது. வெள்ளைப் பிளாஸ்டிக் கேன் முழுவதும் வெளிச்சம் பரவி, லிஃப்டின் நாலு சுவரும் மெலிதாகத் தெரிந்தன. டார்ச்சின் பின்பக்கத்திலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் ஏறி வந்து மேலே உடைந்தன. கேனைக் காலால் கதவோரத்துக்குத் தள்ளினேன். கதவின் இடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்று வந்துகொண்டிருந்தது. வாடை அந்த வழியே போகட்டும் என்று. மூவரும் மறு மூலையில் ஒண்டிக்கொண்டோம். பெரியவர் துண்டை மாமியார் மூக்கில் வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

குமிழி குறைந்தது. வாடையும் குறைவது போல இருந்தது. ஆனாலும் நான் கேனைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தண்ணீர் அதை ஆற்றியிருக்கும் என்று அறிவு சொன்னது. தண்ணீரும் கரண்டும் சேரக் கூடாதே என்று உடம்பு சொன்னது. பள்ளியில் அறிவியல் எடுக்கிறவர்களிடம் கேட்டிருந்தால் அந்தச் சின்னச் செல்லால் ஷாக் அடிக்காது என்று சொல்லியிருப்பார்கள். அங்கே கேட்க யார் இருக்கிறார்கள்?

முதலில் பேசியது மாமியார்தான். துண்டுக்குள்ளிருந்து, "எந்த ஊரு அண்ணாச்சி?" என்றார்.

"சிவகிரி."

"வீட்டுல ஒத்தையிலயா இருக்காவ?"

"மவ இருக்கா. ஆனா வீட்டம்மா நான் இல்லாட்டி சாப்பிட மாட்டா. கோபக்காரி."

"எந்தக் கை விழுந்திருக்கு?"

"இடது. பேச்சு நல்லா இருக்கு. அதான் ரொம்பப் பேசுதா."

மாமியார் சிரித்தது போல ஒரு சத்தம் கேட்டது. நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். மூச்சு சீராகிக்கொண்டிருந்தது. அவர் பெரியவரிடம் அடுத்தடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். என்ன வைத்தியம், யார் எண்ணெய் தேய்த்துவிடுகிறார்கள், உட்காரவாவது முடிகிறதா. அவரும் ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். நடுநடுவே நான் எழுந்து கதவை வெறும் கையால் குத்தினேன். ஜெனரேட்டர் நின்றபாடில்லை.

கேன் மங்கத் தொடங்கியது. சட்டென்று அணையாமல், எண்ணெய் தீர்ந்த விளக்கு போலக் கொஞ்சம் கொஞ்சமாக. மாமியார் பேச்சை நிறுத்திவிட்டார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கையாலும் அவரை அணைத்துக்கொண்டேன். சிவப்பாக ஒரு பொட்டு மட்டும் தண்ணீருக்குள் நின்றது. பிறகு அதுவும் போயிற்று.

அவர் என் கையை இறுகப் பற்றினார். வாய் திறந்து மூச்சை இழுத்தார். ஆனால் அந்தப் பழைய சத்தம் வரவில்லை. "குதிருக்குள்ள இப்படித்தான் இருந்துச்சு" என்றார், என் காதோரம். "நெல்லு தொண்டைவரைக்கும் கமறும். எங்க அண்ணன்தான் மூடியத் தூக்குனான்."

அவர் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "இப்பவும் தூக்குவாங்கத்தை" என்றேன். வேறென்ன சொல்ல?

தலைக்கு மேலே 'டங்' என்று ஓர் அடி விழுந்தது. பிறகு இன்னொன்று. "உள்ள ஆள் இருக்கா?" என்று யாரோ கத்தினார்கள். மூவரும் ஒரே நேரத்தில் கத்தினோம். கதவின் மேல்பகுதியில் ஒரு கம்பி நுழைந்தது. வெளிச்சம் ஒரு கோடாக விழுந்தது. அது அகலமாகி, அதில் லாட்ஜ் ஆட்கள் இருவரின் முழங்கால்களும் அவர்களுக்கு நடுவே என் தம்பியின் முகமும் தெரிந்தன. நாங்கள் அருவிக்கு வராததைப் பார்த்து அவன் தேடி வந்திருக்கிறான். லிஃப்ட் இரண்டு மாடிக்கும் நடுவில் நின்றிருந்தது. ஒரு ஸ்டூலை உள்ளே இறக்கி முதலில் மாமியாரை ஏற்றினார்கள். எண்ணெய் உடம்பு, பிடித்த கையெல்லாம் வழுக்கியது. அக்குளில் துண்டைக் கொடுத்துத்தான் தூக்க முடிந்தது.

வராந்தாவில் உட்கார்ந்த பிறகுதான் என் விரல்களைப் பார்த்தேன். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் கொப்புளம் எழும்பியிருந்தது. அதுவரை வலித்ததே தெரியவில்லை.

தம்பி கேனை வெளியே எடுத்துப் பார்த்தான். உள்ளே தொங்கிய டார்ச்சைப் பார்த்ததும் அவன் முகம் வெளிறிவிட்டது. சாவிகளைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, டார்ச்சைக் கேனோடு மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய், ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் வைத்துவிட்டு வந்தான். மறுநாள் அதை எடுத்து இரண்டு பிளையர் வைத்துப் பிரித்திருக்கிறான். செல்லின் மேலுறை சுருங்கி, அடிப்பக்கம் உப்பி, ஓரம் பிளந்திருந்ததாம். தண்ணீரில் போடாமல் இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்டேன். "தெரியலக்கா" என்றான். அது உண்மையான பதில் என்றுதான் தோன்றியது.

அன்றைக்கு அவனைத் திட்ட நான் வாயைத் திறந்தபோது மாமியார் முந்திக்கொண்டார். "ஏலே, இங்கன வா. அந்த வெளிச்சம் இல்லேன்னா நான் முதல்லயே செத்திருப்பேன். ஆனா அந்தச் செல்லு இனிமே நம்ம வீட்டு வாசப்படி ஏறக்கூடாது. கேட்டியா?" அவன் தலையாட்டினான். இப்போது என் சாவிக்கொத்தில் இருப்பது பழைய ஒன்றரை வோல்ட் செல் போட்ட வேறொரு டார்ச். மங்கல்தான். அவர் அதைக் குறை சொல்வதில்லை.

லிஃப்டிலிருந்து வெளியே வந்ததுமே பெரியவர் எங்களுக்கு முன்னால் கீழே இறங்கிவிட்டார். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். "வேற கேன் வாங்கித் தாரோம். இப்பவே அருவியில பிடிச்சிரலாம்" என்றேன். வாசலுக்கு வந்தால், அருவிப் பக்கமிருந்து கூட்டம் கூட்டமாக ஈரத்துணியோடு ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மலையில் பெய்த மழையில் தண்ணீர் கலங்கி, வெள்ளமாகக் கொட்டுகிறதாம். போலீஸ் விசில் அடித்து எல்லாரையும் வெளியேற்றிவிட்டார்கள். கரண்ட் போனதும் அந்த மழையால்தான் இருக்க வேண்டும். என் கணவரும் பிள்ளைகளும் நனைந்தபடி வந்து சேர்ந்தார்கள்.

வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். பெரியவர் வெறும் மஞ்சப்பையோடு ஏறினார். "விடுங்கம்மா. உசுரு முக்கியம்லா" என்றார். சொன்னாரே தவிர முகத்தில் தெளிவில்லை. வீட்டுக்குப் போய் என்ன சொல்வது என்ற யோசனை அதில் அப்படியே தெரிந்தது. தம்பி வேன் ஜன்னலோரம் ஓடி அவருடைய மருமகனிடம் போன் நம்பரை வாங்கிக்கொண்டான்.

மூன்றாம் நாள் அருவியில் குளிக்க அனுமதித்தார்கள். தம்பி விடியற்காலையிலேயே போய் இரண்டு புதுக் கேன்களில் பிடித்து வந்தான். மாமியாரும் வருவேன் என்று நின்றார். காரில் சிவகிரிக்குப் போனோம். எப்படி வரவேற்பார்களோ என்று எனக்குக் கவலை.

பின்வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். மெலிந்த உடம்பு, கூர்மையான கண். பெரியவர் எங்களைக் காட்டி, "நான் சொன்னேன்லா, அவிய" என்றார். அந்த அம்மா என்னை விட்டுவிட்டு மாமியாரையே பார்த்தார்.

"நீங்கதான் இருட்டுக்குப் பயந்தவியளா?"

அந்தச் சொல்லை மாமியாரிடம் யாரும் சொல்லிவிட்டுத் தப்பியதில்லை. மாமியார் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆமாக்கா" என்றார். "ரொம்பப் பயம்."

"எனக்கும்தான். ராத்திரி இவரு லைட்ட அணைச்சிருவாரு, கரண்டு பில்லுன்னு. எந்திரிச்சு நான் போட முடியுமா? சொல்லுங்க."

மகள் சொம்பில் மொண்டு மெதுவாகத் தலையில் ஊற்றினாள். தண்ணீரின் குளிர்ச்சியில் அந்த அம்மாவுக்கு மூச்சு ஒரு முறை நின்று வந்தது. வலது கையால் முகத்தை வழித்துவிட்டு, "ஊத்து, ஊத்து, ஏன் நிறுத்துத?" என்று மகளை அதட்டினார். பெரியவர் சற்றுத் தள்ளி நின்று இரண்டாவது கேனின் மூடியைத் திறந்துகொண்டிருந்தார். நாங்கள் கிளம்பும்போது மாமியார் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, ராத்திரி விளக்கை அணைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தார்.